மலாக்கா நீரிணையில் கொள்ளை அடங்கியது எப்படி? 2004–2006: ஒரு நிகழ்வு ஆய்வு

2005 மார்ச் 12. வட சுமத்ராவின் பெலாவான் துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது 'திரி சமுத்ரா' என்ற இந்தோனேசிய டேங்கர். அதில் இருந்தது எளிதில் தீப்பற்றும் சரக்கு. மலாக்கா நீரிணையில் சுமார் 35 பேர் இயந்திரத் துப்பாக்கிகளோடும் ராக்கெட் செலுத்திகளோடும் அதில் ஏறினார்கள். கப்பலையும் சரக்கையும் விட்டுவிட்டு, கேப்டனையும் தலைமைப் பொறியாளரையும் மட்டும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இரண்டே நாளில், மார்ச் 14 அன்று, அதே நீரிணையில் 'இடாதென்' என்ற ஜப்பானிய இழுவைக் கப்பல் சிக்கியது. பின்னால் ஒரு பெரிய மிதவையைக் கட்டி இழுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்த கப்பல் அது. ஜப்பானியர் இருவர், பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் என மூன்று பேரைக் கடத்தினார்கள். ஒரு வாரத்தில் அவர்கள் தெற்குத் தாய்லாந்துப் பக்கம் விடுவிக்கப்பட்டார்கள்.

இந்த இரண்டு கடத்தல்களும் நடந்தபோது அந்த நீரிணையில் ரோந்து இல்லாமல் இல்லை. எட்டு மாதம் முன்பே, 2004 ஜூலை 20 அன்று, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் 17 போர்க்கப்பல்களோடு ஒருங்கிணைந்த ரோந்தைத் தொடங்கியிருந்தன. அப்படியும் அடுத்தடுத்து இரண்டு கடத்தல்கள். மூன்று மாதம் கழித்து லண்டன் காப்பீட்டுச் சந்தை மலாக்கா நீரிணையைப் போர் அபாயப் பட்டியலில் சேர்த்தது. எரிந்துகொண்டிருந்த போர்முனைகளோடு ஒரே வரிசையில் உலகத்தின் மிகப் பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்று.

ஆனால் 2006 ஆகஸ்ட் 7 அன்று அதே சந்தை அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. கோலாலம்பூரில் 1992 முதல் இயங்கும் சர்வதேசக் கடல்சார் பணியகத்தின் கடற்கொள்ளைத் தகவல் மையம் வைத்திருக்கும் கணக்கின்படி, மலாக்கா நீரிணையில் 2000-இல் 75 தாக்குதல்கள், 2004-இல் 38, 2005-இல் 12, 2008-இல் வெறும் 2. எந்தப் பெரும் வல்லரசின் படையும் உள்ளே வராமல் இது நடந்தது. எப்படி நடந்தது என்பதைப் பார்ப்பதே இந்த ஆய்வு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரோந்துக் கப்பல்களுக்கு நாம் கொடுக்கும் பெருமையில் பெரும்பங்கு கரையில் நடந்த இரண்டு காரியங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒன்று, மூன்று அரசுகளுக்குள் நடந்த பேரம். மற்றது, சுமத்ராவின் வடமுனையான அச்சேயில் நடந்த சமாதானம்.

புனலின் கழுத்து

மலாக்கா நீரிணை சுமார் 800 கி.மீ. நீளம். ஒரு புனலைப் படுக்கவைத்தது போன்ற வடிவம். வடமேற்கில், அந்தமான் கடல் பக்கம், 250 கி.மீ. அகலம். தெற்கே போகப் போக ஒடுங்கி 65 கி.மீ. ஆகிறது. அதைத் தாண்டி சிங்கப்பூர் நீரிணைக்குள் நுழைந்தால் பிலிப் கால்வாய் என்ற இடத்தில் கப்பல் பாதை 2.8 கி.மீ. மட்டுமே. அந்த இடைவெளிக்குள்தான் பாரசீக வளைகுடாவின் கச்சா எண்ணெய் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் போகிறது. சீனத்துச் சரக்குப் பெட்டிகள் ஐரோப்பாவுக்குப் போகின்றன. 2004-இல் ஆண்டுக்கு 60,000-க்கும் அதிகமான கப்பல்கள் போய்வந்தன. 2024-இல் அது 90,000-ஐத் தாண்டிவிட்டது. எண்ணெய் மட்டும் இப்போது நாளொன்றுக்கு 2 கோடிப் பீப்பாய்க்கும் மேல்.

அகலத்தைவிட ஆழம்தான் பெரிய தொல்லை. பல இடங்களில் 25 மீட்டர்கூடத் தேறாது. கப்பலின் அடிப்பாகத்துக்கும் கடல் தரைக்கும் நடுவில் குறைந்தது 3.5 மீட்டர் தண்ணீர் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே நிறை சரக்கேற்றிய பெரிய டேங்கர் தனக்கென்று குறித்த ஆழப்பாதையை விட்டு விலக முடியாது. வேகத்தையும் குறைத்தாக வேண்டும். 1975 ஜனவரியில் 'ஷோவா மாரு' என்ற ஜப்பானியப் பெருங்கப்பல் சிங்கப்பூர் அருகே தரைதட்டி எண்ணெய் கொட்டிய பிறகுதான் போகும் பாதை, வரும் பாதை என்று பிரித்து வகுக்கும் ஏற்பாட்டுக்கு வேகம் பிறந்தது. 1981-இல் அது நடைமுறைக்கு வந்தது. விபத்தைக் குறைத்த அந்த ஏற்பாடு கொள்ளையருக்கும் ஒரு வசதி செய்து கொடுத்தது. எந்தக் கப்பல் எந்த வழியாக, என்ன வேகத்தில் வரும் என்பது கரையிலிருக்கும் மீனவனுக்குக்கூடத் தெரியும்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் இடையே சுந்தா நீரிணை உண்டு. அது பெரிய கப்பலுக்கு ஆழம் போதாது. பாலிக்குக் கிழக்கே லொம்பொக் நீரிணை நல்ல ஆழம். ஆனால் கூடுதல் நாட்களும் கூடுதல் எரிபொருளும் ஆகும். அதனால் மலாக்காவுக்கு ஏதாவது ஆனால் உலக வாணிபம் நின்றுபோகாது, விலை ஏறும். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுப் பேசுகிறவர்கள் அதிகம்.

கடல் நடுவே ஒரு கோடு

1025-இல் ராஜேந்திர சோழன் 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் அடித்ததை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் படையெடுப்பின் இலக்கே இந்த நீரிணையின் இரு கரைகள்தான். சோழக் கலங்கள் வந்தன, வென்றன, திரும்பின. நீரிணையை அன்றாடம் ஆண்டவர்கள் கரையிலேயே இருந்தவர்கள். பிற்காலத்து மலாக்கா சுல்தான்கள் ஓராங் லாவுத் என்ற கடலோடி மக்களை வைத்தே பாதையைக் காத்தார்கள். கப்பலுக்கு வழிகாட்டுவதும் அவர்கள்தான், வரி கட்டாத கப்பலை மறிப்பதும் அவர்கள்தான். அரசு பலமாக இருந்தபோது அவர்கள் காவலர்கள். அரசு குலைந்தபோது அதே படகுகளில் கொள்ளைக்குப் போனார்கள். 2004-இல் நடந்ததைப் புரிந்துகொள்ள இது உதவும் என்பதால்தான் சொல்கிறேன்.

1824 மார்ச் 17 அன்று லண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மலாய்க் கரை ஆங்கிலேயருக்கு, சுமத்ரா டச்சுக்காரருக்கு. அதுவரை இரு கரையிலும் உறவும் வணிகமும் வைத்திருந்த ஒரே கடலுலகம் நடுவே பிளந்தது. கடற்கொள்ளையை ஒழிக்க இரு தரப்பும் ஒத்துழைப்போம் என்றும் அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். எழுதிய அந்த ஒப்பந்தமே கொள்ளையருக்குத் தப்பிக்க ஒரு கோட்டையும் போட்டுக் கொடுத்தது. மலேசியாவும் இந்தோனேசியாவும் விடுதலை பெற்றபோது வாரிசாகப் பெற்ற எல்லையின் மூலம் இதுதான்.

அடுத்து சட்டம். இந்தோனேசியா 1957-லும் மலேசியா 1969-லும் தம் கரைக்கடல் எல்லையை 12 கடல் மைலாக அறிவித்தன. இரண்டும் சேர்ந்தால் 24. நீரிணையின் தென்பாதி அதைவிடக் குறுகிய இடங்களில் திறந்த கடல் என்று ஒன்று மிச்சமே இல்லை. 1971 நவம்பரில் இரு நாடுகளும் இது சர்வதேச நீரிணை அல்ல, ஆனால் தீங்கற்ற முறையில் கடந்து போவதற்குத் தடையில்லை என்று அறிக்கை விட்டன. சிங்கப்பூர் அந்த நிலைப்பாட்டைக் 'குறித்துக்கொண்டது'. ஆதரித்ததாகச் சொல்லவில்லை. துறைமுகத்தை நம்பி வாழும் நாடு வேறெப்படிச் சொல்லும்? 1982-இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, கரைநாடுகளின் இறையாண்மையை ஒப்புக்கொண்டு, எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் தடையின்றிக் கடந்து போகும் உரிமையையும் வைத்தது. கடந்து போகலாம், காவல் காக்க முடியாது.

அதே உடன்படிக்கையின்படி, கடற்கொள்ளை என்பது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில் நடந்தால்தான் கடற்கொள்ளை. 12 கடல் மைலுக்குள் நடந்தால் அது கப்பல் மீதான ஆயுதக் கொள்ளை. சொல்லில் சிறிய வேறுபாடு. நடைமுறையில் பெரியது. கடற்கொள்ளையனை எந்த நாட்டுக் கடற்படையும் பிடிக்கலாம். ஆயுதக் கொள்ளையனை அந்தக் கரைநாடு மட்டுமே பிடிக்கலாம். மலேசியப் பக்கம் ஒரு கப்பலைத் தாக்கிவிட்டு அரை மணி நேரம் படகை விரட்டினால் இந்தோனேசியப் பக்கம். துரத்தி வந்த மலேசியப் படகு கோட்டில் நின்று திரும்ப வேண்டும். கொள்ளையர் இந்தச் சட்டத்தைப் படித்திருக்க வேண்டியதில்லை; அனுபவத்தில் தெரிந்துவைத்திருந்தார்கள்.

யார் இவர்கள்

ஒரே பெயரில் அழைத்தாலும் நான்கு வகை ஆட்கள் இங்கே இருந்தார்கள். இரவில் கப்பலின் பின்பக்கம் மூங்கில் கழியில் கொக்கி மாட்டி ஏறி, கையில் கிடைத்த கயிற்றையும் பெயின்ட் டப்பாவையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் முதல் வகை. கத்தி, துப்பாக்கி காட்டி மாலுமிகளைக் கட்டிப்போட்டுப் பணப்பெட்டியைத் திறக்கவைப்பவர்கள் இரண்டாவது. ஆளைக் கடத்திப் பணயத் தொகை கேட்பவர்கள் மூன்றாவது. நீரிணையின் வடபகுதியில், அச்சேக் கரையை ஒட்டி இது அதிகம். நான்காவது வகை கப்பலையே விழுங்குபவர்கள்.

அந்த நான்காவதற்கு 'அலோண்ட்ரா ரெயின்போ' நல்ல சாட்சி. 1999 அக்டோபர் 22 அன்று சுமத்ராவின் குவாலா தஞ்சோங்கிலிருந்து சுமார் 7,000 டன் அலுமினியக் கட்டிகளோடு ஜப்பானுக்குப் புறப்பட்ட புத்தம்புதுக் கப்பல். கிளம்பிய சிறிது நேரத்தில் பிடிபட்டது. 17 மாலுமிகளையும் ஒரு மிதவைப் படகில் ஏற்றிக் கடலில் விட்டார்கள். சுமார் பத்து நாள் மிதந்தபின் தாய்லாந்து மீனவர்கள் அவர்களைக் காப்பாற்றினார்கள். கப்பலோ 'மெகா ராமா' என்று பெயர் மாற்றி, பெலீஸ் கொடி கட்டி அரபிக்கடல் வந்துவிட்டது. இந்தியக் கடலோரக் காவல்படையின் 'தாராபாய்', கடற்படையின் 'பிரஹார்' இரண்டும் துரத்தி நவம்பர் 16 அன்று அதைப் பிடித்தன. பிடிபட்டவர்கள் 15 இந்தோனேசியர்கள். சரக்கில் பாதியளவு அதற்குள் கைமாறியிருந்தது.

இதற்குப் பின் நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. மும்பை அமர்வு நீதிமன்றம் 2003-இல் அவர்களுக்கு ஏழாண்டுச் சிறை விதித்தது. 2005-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கடற்கொள்ளைக்கென்று இந்தியாவில் அன்று தனிச் சட்டமே கிடையாது. அப்படி ஒரு சட்டம் வர 2022 ஆயிற்று. கடலில் துரத்திப் பிடிக்கும் திறமை இருந்தாலும், கரையில் சட்டம் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1997-இன் ஆசியப் பொருளாதார நெருக்கடி இந்தோனேசியாவை நொறுக்கியது. ரூபியா சரிந்தது, சுகார்த்தோ ஆட்சி விழுந்தது, வேலை போயிற்று. சிங்கப்பூரின் வானுயரக் கட்டடங்களைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு வாழும் பாத்தாம், பெலாக்காங் பாடாங் தீவுகளிலிருந்தும் சுமத்ராவின் மீனவக் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் கிடைத்தார்கள். பின்னால் நின்று ஏவியவர்கள், திருட்டுச் சரக்கை வாங்கியவர்கள் வேறு. 2000-ஆம் ஆண்டின் 75 தாக்குதல்களுக்கு இதுதான் பின்னணி. அந்த எண்ணிக்கையும் முழுமையானதல்ல. புகார் கொடுத்தால் விசாரணைக்காகக் கப்பல் நிற்கும், காப்பீட்டுத் தவணை ஏறும் என்று பல கப்பல் முதலாளிகள் வாய் திறப்பதில்லை.

அடுத்தவன் வந்துவிடுவான் என்ற பயம்

2001 செப்டம்பருக்குப் பிறகு கடற்கொள்ளையைப் பார்த்த கண் மாறியது. அந்த ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் ஜெமா இஸ்லாமியா என்ற தென்கிழக்காசியப் பயங்கரவாத அமைப்பினர் கைதானார்கள். 2002 அக்டோபர் 6 அன்று ஏமன் கரையருகே 'லிம்பர்க்' என்ற பிரெஞ்சு டேங்கரை வெடிபொருள் நிறைத்த படகு மோதியது. 2003 மார்ச்சில் மலாக்காவில் 'தேவி மத்ரிம்' கப்பலில் ஏறியவர்கள் ஒரு மணி நேரம் தாங்களே அதைச் செலுத்திப் பார்த்தார்கள் என்ற செய்தி கிளம்பி, இது பயங்கரவாதிகளின் ஒத்திகை என்று பரபரப்பாகப் பேசப்பட்டது. பிறகு விசாரித்தவர்கள் அதைச் சாதாரணக் கொள்ளை என்றே சொன்னார்கள். ஆனால் திருத்தம் செய்தியின் வேகத்தில் பரவவில்லை.

வெளியாரின் கப்பல்கள் ஏற்கெனவே ஓரளவு வந்திருந்தன. 2002-இல் அமெரிக்காவின் முக்கியச் சரக்குக் கப்பல்களுக்கு இந்தியக் கடற்படையின் 'சுகன்யா', 'ஷார்தா' கப்பல்கள் இந்த நீரிணையில் சில மாதம் துணைபோயின. 2004 மார்ச் 31 அன்று அமெரிக்கப் பசிபிக் படைத் தலைவர் அட்மிரல் தாமஸ் ஃபார்கோ நாடாளுமன்றக் குழு முன் ஒரு பிராந்தியக் கடல் பாதுகாப்புத் திட்டம் பற்றிப் பேசினார். அதிவேகப் படகுகளில் சிறப்புப் படையினரை வைக்கும் யோசனையும் அந்தப் பேச்சில் வந்தது. மலாக்காவில் அமெரிக்கப் படை ரோந்து போகப்போகிறது என்றே இந்த வட்டாரத்தில் அது புரிந்துகொள்ளப்பட்டது.

கோலாலம்பூரும் ஜகார்த்தாவும் கொதித்தன. வெளிநாட்டுப் படைக்கு இடமே இல்லை என்று இரண்டும் சொல்லிவிட்டன. ஈராக் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் மட்டும், ஆபத்து பெரியது, உதவியைத் தள்ள வேண்டாம் என்ற மனநிலையில் இருந்தது. ஆனால் மறுப்பதோடு நின்றால் போதாதே. எங்கள் கடலை நாங்களே காப்போம் என்று சொன்னால் காத்துக் காட்ட வேண்டும். மார்ச் இறுதியில் பேச்சு, ஜூலை 20-இல் 17 கப்பல்களோடு ரோந்து: இந்தோனேசியா 7, மலேசியா 5, சிங்கப்பூர் 5. ஆண்டுக்கணக்கில் இழுத்த காரியம் நான்கு மாதத்துக்குள் முடிந்தது.

அது கூட்டு ரோந்து அல்ல, ஒருங்கிணைந்த ரோந்து என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டுக் கப்பலும் தன் எல்லைக்குள்தான் சுற்றும். தப்பியோடும் படகு கோட்டைத் தாண்டினால் மறுபக்கத்துக்குத் தகவல் கொடுக்கலாம், தானே தாண்டக் கூடாது. விமரிசகர்கள் இதை வெறும் கண்காட்சி என்றார்கள். திரி சமுத்ராவும் இடாதெனும் நடந்தபோது அந்த விமரிசனம் சரியென்றே தோன்றியிருக்கும்.

லண்டனிலிருந்து வந்த அடி

2005 ஜூன் 20. லண்டன் காப்பீட்டுச் சந்தையின் கூட்டுப் போர்க்குழு வெளியிட்ட அபாயப் பட்டியலில் மலாக்கா நீரிணை இருந்தது. ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் மதிப்பீட்டை வைத்து எடுத்த முடிவு அது. இந்தப் பட்டியல் யாரையும் கட்டாயப்படுத்தும் சட்டம் அல்ல. ஆனால் பட்டியலில் உள்ள பகுதிக்குள் நுழையும் கப்பலிடம் காப்பீட்டாளர் கூடுதல் தவணை கேட்கலாம். அந்த ஒரு 'கேட்கலாம்' போதும்.

மூன்று அரசுகளும் எதிர்த்தன, கப்பல் முதலாளிகளின் சங்கங்களும் எதிர்த்தன. அவர்கள் வாதத்தில் நியாயம் இருந்தது. பெயின்ட் திருடனையும் பயங்கரவாதியையும் அந்த மதிப்பீடு ஒரே தட்டில் வைத்தது. தாக்குதல்கள் இறங்கத் தொடங்கிவிட்ட ஆண்டில் வந்து சேர்ந்தது. ஆனாலும் என் கணிப்பில் அந்த அநியாயமான பட்டியல் நல்ல காரியம் ஒன்றைச் செய்தது. அதுவரை கொள்ளையின் செலவு கப்பல் முதலாளியின் தலையிலும் மாலுமியின் உயிரிலும் விழுந்தது. இப்போது அது சிங்கப்பூரின், போர்ட் கிளாங்கின், பினாங்கின் வருமானத்தைத் தொட்டது. கணக்கு நிதியமைச்சகங்களின் மேசைக்குப் போயிற்று.

அடுத்த மாதமே இந்தோனேசியா 'குரிதா' என்ற பெயரில் தனி நடவடிக்கை தொடங்கியது. குரிதா என்றால் ஆக்டோபஸ். செப்டம்பர் 13 அன்று 'வானத்துக் கண்கள்' என்ற விமான ரோந்து சுபாங்கிலிருந்து கிளம்பியது. அதை முன்மொழிந்தவர் அப்போதைய மலேசியத் துணைப் பிரதமரும் பாதுகாப்பு அமைச்சருமான நஜிப் ரசாக். நவம்பர் 30-இல் மலேசியக் கடல்சார் அமலாக்க முகமை பணி தொடங்கியது. 2006 ஏப்ரலில் பாத்தாமில் கூடி மூன்று நாடுகளும் கடல் ரோந்தையும் வான் ரோந்தையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்தன. 2008-இல் தாய்லாந்தும் சேர்ந்தது.

இதில் நான் மிக முக்கியமாக நினைப்பது விமானங்களை. நாட்டுக்கு வாரம் இரண்டு பறப்புதான், 800 கி.மீ. நீரிணைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனால் ஒவ்வொரு விமானத்திலும் மூன்று நாட்டு அதிகாரிகளும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அந்த விமானம் கோட்டைத் தாண்டலாம்; அண்டை நாட்டுக் கரையிலிருந்து 3 கடல் மைல் வரை போகலாம். 1824-இல் போட்ட கோட்டை முதல்முறையாக மேலிருந்து கொஞ்சம் அழித்தார்கள். கடலில் விட்டுக்கொடுக்க முடியாததை வானத்தில் விட்டுக்கொடுத்தார்கள். யாருக்கும் தலைகுனிவு இல்லாமல்.

ஜப்பான் முன்னின்று உருவாக்கிய, கடற்கொள்ளைத் தகவல் பரிமாற்றத்துக்கான ஆசிய உடன்பாடும் 2006 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அலோண்ட்ரா ரெயின்போ ஜப்பானை உலுக்கியதன் விளைவு அது. இந்தியாவும் இலங்கையும் சேர்ந்தன; மையம் சிங்கப்பூரில் அமைந்ததால் மலேசியாவும் இந்தோனேசியாவும் வெளியே நின்றன. வெளியே நின்றபடியே தகவல் கொடுத்தும் வாங்கியும் வந்தன என்பதுதான் இந்த வட்டாரத்தின் பண்பு. ஜப்பான் ரோந்துப் படகுகளும் அமெரிக்கா ராடார்களும் கொடுத்து உதவின. படையை மறுத்த நாடுகள் கருவியை மறுக்கவில்லை.

அச்சே

எல்லா அறிக்கைகளிலும் ரோந்துக்கு ஒரு அத்தியாயம் இருக்கும். அச்சேவுக்கு ஒரு பத்தி இருக்கும். இது தலைகீழாக இருக்க வேண்டும்.

நீரிணையின் வடமேற்கு வாசலில், இடது தூண் மாதிரி நிற்பது அச்சே. 1976-இல் ஹசன் டி திரோ தொடங்கிய அச்சே விடுதலை இயக்கத்துக்கும் இந்தோனேசிய ராணுவத்துக்கும் கிட்டத்தட்ட முப்பது ஆண்டு போர். 2003 மே மாதம் அங்கே ராணுவச் சட்டமே அமலானது. வடபகுதிக் கடத்தல்களில் அந்த இயக்கத்தின் பெயரை அரசு சொன்னது, இயக்கம் மறுத்தது. யார் செய்திருந்தாலும், சட்டம் என்ற ஒன்று இல்லாத 30 ஆண்டுக் கரையிலிருந்துதான் அந்தப் படகுகள் வந்தன. துப்பாக்கி மலிந்த, மீன்பிடியும் வயலும் கெட்ட கரை.

2004 டிசம்பர் 26. நாகப்பட்டினத்தையும் முல்லைத்தீவையும் அடித்த அதே அலை, அதற்கு முன்பே, நிலநடுக்கம் வந்த சில நிமிடங்களில், அச்சேயைத் துடைத்துவிட்டிருந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். எல்லாக் கிராமங்களையும் போல, கொள்ளைக்காரனின் கிராமமும் போயிற்று, அவன் படகும் போயிற்று. இந்தியா உட்படப் பல நாட்டுக் கடற்படைகள் நிவாரணத்துக்கு வந்து நின்றன. அடுத்த இரண்டு மாதம் நீரிணையில் ஒரு தாக்குதலும் பதிவாகவில்லை. ஆனால் மார்ச்சிலேயே திரி சமுத்ரா. அலை கொள்ளையை இடைநிறுத்தியது, முடிக்கவில்லை.

முடித்தது ஹெல்சின்கி என்பேன். பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அதிசாரி நடுவராக இருந்து 2005 ஆகஸ்ட் 15 அன்று இரு தரப்பும் ஒப்பந்தம் கையெழுத்திட்டன. இயக்கம் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. அச்சேவுக்குச் சுயாட்சி கிடைத்தது. ஆண்டு முடிவதற்குள் இயக்கம் 840 ஆயுதங்களை ஒப்படைத்தது, வெளியிலிருந்து வந்திருந்த ராணுவமும் போலீசும் பெருமளவு திரும்பின. ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகள் ஐந்தும் சேர்ந்து கண்காணித்தன. அந்தப் போரில் கட்டுண்டிருந்த கடற்படைக் கப்பல்கள் நீரிணைப் பக்கம் திரும்ப முடிந்தது. 2005-இல் 12, 2006-இல் 11, 2007-இல் 7, 2008-இல் 2 என்று எண்ணிக்கை இறங்கியது.

சுனாமி, சமாதானம், ரோந்து, காப்பீட்டு அழுத்தம் நான்கும் ஒரே பதினெட்டு மாதத்துக்குள் விழுந்ததால், எது எவ்வளவு என்று தராசில் நிறுத்துச் சொல்ல முடியாது. ஆனால் ரோந்து மட்டும் நடந்த எட்டு மாதத்தின் முடிவில் திரி சமுத்ரா நடந்தது. சமாதானத்துக்குப் பிறகு அந்த அளவில் ஆட்கடத்தல் அலை திரும்பவில்லை. என் முடிவு இதன்மேல் நிற்கிறது.

இந்த அனுபவம் எதுவரை செல்லும்

கொள்ளையருக்குப் பின்னால் அரசு இல்லாதபோதுதான் இது செல்லும். மூன்று கரைநாடுகளும் பாதை திறந்திருக்க வேண்டும் என்று விரும்பின. செங்கடலின் தென்வாசலான பாப் எல் மந்தெப்பில் நிலைமை அப்படி இல்லை. கரையைப் பிடித்து வைத்திருந்த ஏமனின் ஹூதி ஆயுதக் குழுவினரே 2023 நவம்பர் 19 அன்று 'கேலக்ஸி லீடர்' கப்பலைப் பிடித்தார்கள். பிறகு ஏவுகணைகளும் டிரோன்களும். டிசம்பரில் அமெரிக்கா தலைமையில் கடற்படைக் கூட்டணி வந்தது. பெரிய கப்பல் நிறுவனங்களோ ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் போயின. கரை பகையாக இருந்தால் கடலில் எத்தனை போர்க்கப்பல் நின்றாலும் காப்பீட்டாளருக்கு நம்பிக்கை வராது.

மலாக்காவைப் பற்றிய இன்றைய பேச்சு பெரும்பாலும் கொள்ளையைப் பற்றியதல்ல. 2003-இல் சீனத் தலைவர் ஹூ ஜின்டாவ் பேசிய 'மலாக்கா இக்கட்டு', அதாவது போர் வந்தால் இந்தக் கழுத்தை யாராவது நெரித்துவிடுவார்களோ என்ற கவலை, இன்னும் தொடர்கிறது. மியன்மாரின் சௌக்ப்யூவிலிருந்து குன்மிங்குக்கு எரிவாயுக் குழாய் 2013-லும் எண்ணெய்க் குழாய் 2017-லும் ஓடத் தொடங்கின. எண்ணெய்க் குழாயின் கொள்ளளவு ஆண்டுக்கு 2.2 கோடி டன். சீனாவின் தேவைக்கு முன் அது சிறு வாய்க்கால். மறுபக்கம் இந்தியா 2001-இல் அந்தமான் நிகோபாரில் முப்படைக் கட்டளையகம் அமைத்தது. 2012-இல் பெரிய நிகோபாரின் கேம்ப்பெல் பேயில் 'பாஸ்' விமானத்தளம் திறந்தது. இரு வல்லரசுகளின் இந்தக் கணக்குகளில் எல்லாம் கரைநாடுகள் வெறும் வரைபடமாகத் தெரிகின்றன. 2004-இல் ஃபார்கோவின் பேச்சு செய்த தவறும் இதுதான்.

கழுத்துப் பகுதியில் பழைய தொல்லை அண்மை ஆண்டுகளில் மீண்டது. ஆட்கடத்தல் இல்லை, பெரும்பாலும் திருட்டு: இயந்திர உதிரிபாகங்கள், மிதவைகளில் ஏற்றிப் போகும் பழைய இரும்பு. மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் 2023-லும் 2024-லும் ஆண்டுக்கு 60-க்கும் அதிகமான சம்பவங்கள். 2025-இன் முதல் பாதியில் மட்டும் 80. பெரும்பாலானவை பிலிப் கால்வாயில், இருட்டில், கப்பல் மெதுவாகத் திரும்பும் இடத்தில். ரோந்து இருபது ஆண்டுகளாக நிற்காமல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2025 ஜூலையில் இந்தோனேசியப் போலீஸ் ரியாவு தீவுகளில் கரையேறிப்போய் இரண்டு கும்பல்களைச் சேர்ந்தவர்களைக் கைது செய்தது. அதற்குப் பிறகுதான் எண்ணிக்கை இறங்கியது.